வளைவில் உட்கார்ந்த ரேணுகாதேவி

ஜமுனாமரத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் ரேணுகாதேவிக்குக் கோபம் அதிகம். ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது வந்து நின்றால், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே பதில் சொல்வாள். அவள் கணவன் பூவரசன்கூடத் தையல் மெஷின் ஓடும் வேகத்தைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்குள் நுழைவான். இந்தக் கோபத்தை ஒழிக்கத்தான் அவள் யோகா கற்கப் போனாள்.

முதலில் போளூரில் பார்த்திபன் மாஸ்டர். கல்யாண மண்டபம் ஒன்றில் ஞாயிறுதோறும் வகுப்பு. உடம்பு வளைந்தால் மனசும் வளையும் என்றார். ரேணுகாவுக்கு உடம்பு நன்றாகவே வளைந்தது. ஒருநாள் எல்லோரும் சவாசனத்தில் படுத்திருந்தபோது ஒரு செல்போன் அடித்தது. மாஸ்டர் அதை எடுத்துச் சுவரில் அடித்தார். அது ரேணுகாவின் போன்.

அடுத்து, திருவண்ணாமலையில் ஒரு மௌனசாமி. பேசாதவருக்குக் கோபம் எங்கிருந்து வரும் என்று நம்பிப் போனாள். ஆனால் சாமியின் கையில் சிலேட்டு இருந்தது. 'காபியில் சர்க்கரை போதாது', 'ஜன்னலைச் சாத்து', 'அந்தப் பச்சைப் புடவை ஏன் தூங்குகிறாள்' என்று எழுதி எழுதி நீட்டிக்கொண்டே இருந்தார். அன்று பச்சைப் புடவை கட்டியிருந்தவள் இவள் ஒருத்திதான். அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டாள்.

மூன்றாமவர், புதிதாக வாங்கிய போனிலேயே கிடைத்தார். பெங்களூரிலிருந்து விடியற்காலையில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் குருஜி. நிதானமான மனிதர். ரேணுகாவின் வீட்டில்தான் சிக்னல் இல்லை. மலைப்பாதையில் ஒரு வளைவில் மட்டும் தெளிவாகக் கிடைத்தது. அங்கே ஒரு பாறைமேல், காதில் இயர்போன் செருகி, குளிருக்கு முக்காடு போட்டு, கண்மூடி உட்கார்ந்தாள்.

முதல் பஸ்ஸில் போனவர்கள் பனிக்குள் அசையாத அந்த உருவத்தைப் பார்த்தார்கள். சில நாளில் பாறையடியில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் சேர்ந்தன.

கோடையில், புதூர்நாட்டிலிருந்து மங்கம்மாள் என்ற பெண் பலாப்பழத்தோடு வந்து நின்றாள்.

"அம்மா, பையனுக்குப் பொண்ணே அமையலங்க. ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கிளாஸ் நடக்குது. இன்னா ரோதன இது, எழுந்து போ" என்று ரேணுகா கத்தினாள்.

மங்கம்மாள் அழுதுகொண்டே போனாள். அந்த மாதமே பெண் அமைந்துவிட்டது.

பிறகு மலையெங்குமிருந்து ஆட்கள் திட்டு வாங்கவே வந்தார்கள். அவள் பொறுமையாகப் பேசினால் முகம் வாடினார்கள். "எங்கமேல மட்டும் இன்னா வருத்தம்?" என்று கேட்டார்கள்.

அவள் குருஜியிடம் முறையிட்டாள். கோபத்தை விட்டுவிடுங்கள் என்றார் அவர்.

"நான் வுட்டாலும் இவங்க வுட மாட்றாங்க குருஜி."

குருஜிக்கு அது புரியவில்லை. நேரிலேயே பார்க்கலாம் என்று ஒருநாள் காரில் வந்து வளைவில் இறங்கினார். அவர் பாறையை நோக்கி நடந்தபோது மங்கம்மாள் கைநீட்டி மறித்தாள். மகன் கல்யாணத்துக்குப் பிறகு கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது அவள்தான்.

"வரிசைல வாங்க சாமி. அம்மா இன்னும் சூடாகல."

ரேணுகாதேவி பதறிப்போய்ப் பாறையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். வந்தவள், வாய்க்கு வந்தபடி மங்கம்மாளைத் திட்டித் தீர்த்தாள். வரிசையில் நின்றவர்கள் கைகூப்பினார்கள். குருஜி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வரிசையில் போய் நின்றார்.