பக்கத்துக் கட்டில்காரரின் மெடல்

புளி போட்டுத் தேய்த்த உலோகத்தின் வாடை இன்றும் மூக்கில் ஏறினால், அம்மா துலக்கிவைத்த சித்தப்பாவின் ‘மெடலை’, ஓசூர் தொழிற்சாலையில் லேத் எந்திரம் ஓட்டிய என் அப்பா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு முகம் வெளுத்து உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வருகிறது. விளிம்பில் பொறித்திருந்த பெயர் சித்தப்பாவினுடையது அல்ல.

சித்தப்பா ராமப்பா எல்லைப் போரில் தலையில் குண்டுச் சில்லு பாய்ந்து எங்கள் ஊரான கெலவரப்பள்ளிக்குத் திரும்பியவர். வலது கை தொங்கிப்போயிருந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். எங்கே சண்டை போட்டார், எப்படி அடிபட்டார் என்று கேட்டால் நெற்றி நரம்பு புடைக்கும், கண் கலங்கும், சொல் வராது. அப்பா அந்தப் பெயரைப் படித்துக் காட்டியபோதுதான் முதல்முறையாக வாய் திறந்தார். “முனியப்பன்... பக்கத்துக் கட்டிலு. பட்டாளத்து ஆஸ்பத்திரி. தண்ணி கேட்டான். குடுக்கறதுக்குள்ள... போயிட்டான்.” இருவருக்கும் உரிய மெடல்கள் பிற்பாடு எங்கோ மாறிப்போயிருந்தன.

பட்டாளத்தில் இருந்தவர்களுக்கென்று கிருஷ்ணகிரியில் இருந்த அலுவலகத்தில் அப்பா விசாரித்தார். முனியப்பன் நாட்றாம்பாளையத்துக்காரர் என்றும், மனைவி அங்கேதான் இருக்கிறாள் என்றும் சொன்னார்கள். “அந்தம்மாகிட்ட குடுத்துட்டு வந்துரலாம்” என்றார் அப்பா. “அவன் போனத... நான் சொல்றேன்” என்றார் சித்தப்பா. பள்ளி விடுமுறையாதலால் என்னையும் அழைத்துப் போனார்கள். அஞ்செட்டியைத் தாண்டி பஸ் காட்டுவழியில் ஏறி இறங்கிய நேரமெல்லாம், சித்தப்பா “போயிட்டான், போயிட்டான்” என்று அந்த ஒரு சொல்லை உதட்டுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார்.

முனியப்பனின் மனைவி மாதம்மாள் ராகிக் கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். பட்டாளம் என்ற சொல்லைக் கேட்டதுமே உள்ளே போய், துணியில் சுற்றிய ஒரு மெடலை எடுத்துவந்து அப்பாவின் கையில் திணித்தாள். அதன் விளிம்பில் சித்தப்பாவின் பெயர் இருந்தது.

“வாத்தியாரு படிச்சிச் சொன்னாருண்ணா, இது எங்க வூட்டுக்காரரு பேரே இல்லைன்னு. மெடலுல பேரு மாறுச்சின்னா செத்துட்டாருன்னு வந்த தந்தியிலயும் மாறியிருக்கும் இல்ல? செத்தது வேற யாரோ. அவரு எங்கியோ அடிபட்டு, பேரு சொல்ல முடியாம கெடக்கறாரு. அப்படித்தானேண்ணா?”

அவள் அப்போதுதான் சித்தப்பாவின் தலைத் தழும்பைக் கவனித்தாள். அவர் எதிரே மண்ணில் மண்டியிட்டு, உயிரற்றுத் தொங்கிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களும் அங்க இருந்தீங்களா? அவரு சாவறத உங்க கண்ணால பாத்தீங்களா? சொல்லுங்க சாமி!”

வழியெல்லாம் பழகிய சொல் சித்தப்பாவின் தொண்டைவரை வந்து நிற்பது எனக்கே தெரிந்தது.

“பாக்கல” என்றார்.

அவர் சட்டைப் பையிலிருந்த முனியப்பனின் மெடல் வெளியே வரவேயில்லை. தன் பெயர் பொறித்ததையும் அவர் கேட்கவில்லை. அவள் அதை அப்பாவிடமிருந்து வாங்கி மறுபடி துணியில் சுற்றிக்கொண்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸின் முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை மோதி மோதி அழுத சித்தப்பாவை அப்பா இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். “அவ கைய வுடலண்ணா... எப்படிச் சொல்லுவேன்?” என்ற அந்தப் புலம்பலே நாங்கள் அவரிடம் கேட்ட கடைசி நீண்ட பேச்சு. சில வருடங்களில் அவரும் போய்ச்சேர்ந்தார்.

அண்மையில் முனியப்பனின் அந்த மெடலை எடுத்துக்கொண்டு நாட்றாம்பாளையம் போனேன். உரியவர்கள் யாராவது இருந்தால் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. ராகிக் கொல்லை இருந்த இடத்தில் முள் மண்டிக்கிடந்தது. வீட்டுச் சுவர்கூட மிஞ்சவில்லை. அக்கம்பக்கத்து இளைஞர்கள் கம்பெனி வேனுக்குக் காத்திருந்தார்கள். மாதம்மாள் என்ற பெயரே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர்தான் நின்று யோசித்துச் சொன்னார்:

“மைசூரு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில பேரு தெரியாத பட்டாளத்துக்காரரு ஒருத்தரு கெடக்கறாருன்னு யாரோ சொல்லிட்டாங்க. அடுப்புல வெச்ச கூழக்கூட எறக்காம கெளம்பிப் போனா. அப்பறம் வரவே இல்லைங்க.”