என் அளவுக்கு ஒரு படகு

சிங்கப்பூரில், எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டு ஹாலில் படகு கட்டியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கணவரின் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேறு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே அவர் படகுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறது. அதற்குக் கீழே அவருடைய தம்பிகளும் சித்தப்பா பிள்ளைகளும் வரிசையாகக் கைதட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

நான் தையல்காரி. தேக்காவில், மாடியில் கடை. இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்க ஒரு திரைச்சீலை. முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். இப்போது ரவிக்கை என்றாலே எனக்கு வெறுப்பு. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தைத்துக் கொடுத்ததைப் போட்டுப் பார்க்கும்போதுதான் மூச்சை விடுவார்கள். உடனே, "என்னக்கா, இவ்ளோ டைட்டா தச்சிட்டீங்க" என்று என்மேல் பாய்வார்கள். தீபாவளி நெருங்கினால் இன்னும் மோசம். அளவு ரவிக்கை என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள், அக்குளில் பழைய வியர்வை மஞ்சளாகக் காய்ந்திருக்கும். துவைத்துக் கொடுக்கக்கூடாதா, தாயே? அதை முகத்துக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டுதான் அளப்பேன்.

இத்தனை தைத்தும் எதுவும் என்னிடம் தங்கியதில்லை. எல்லாம் பையில் ஏறி, அடுத்தவர் உடம்பில் ஏறிப் போய்விடும்.

ஒருநாள் மத்தியானம் கடையில் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் படகு கட்டுகிறார். மெல்லிய பலகைகளை வெட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்து, வரிசையாகத் துளை போட்டு, செம்புக் கம்பியைக் கோத்து முறுக்குகிறார். கம்பி இறுக இறுகத் தட்டையாகக் கிடந்த பலகைகள் எழும்பிப் படகாகின்றன. "அடடே, இந்த ஆள் தைக்கிறான்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தட்டைத் துணியைப் பிடித்துத் தைத்து, உடம்பு மாதிரி வளையவைக்கிற வேலையைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன்? அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு படகு தைப்பேன். அதற்கு யாரும் அளவு கொடுக்கக்கூடாது, முடிந்ததும் யாரும் வந்து வாங்கிக்கொண்டு போகக்கூடாது. எனக்கே எனக்கென்று ஒன்று.

வீட்டில் சொன்னேன். என் கணவர் சரக்குக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே வேலை செய்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"போட்டா? நீயா?" என்று திரும்பினார். "கட்டி முடிச்சா டோர்ல போகுமா, அதைச் சொல்லு முதல்ல."

இதே கேள்வியை எதிர்வீட்டு மலாய் மாமா கேட்டார், லிஃப்டில் வந்த ஆன்ட்டி கேட்டார், ஜாலான் புசாரில் பிளைவுட் வாங்கப் போனால் கடைக்காரச் சீனரும் கேட்டார். கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள், இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் அது தோன்றியது போல. முப்பது வருஷம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவள் கதவை அளக்காமலா ஆரம்பிப்பாள்? வாசல், மாடிப்படித் திருப்பம் எல்லாம் அளந்த பிறகுதான் எட்டடிப் படகு என்று முடிவு செய்தேன். பக்கவாட்டில் சாய்த்தால் தாராளமாகப் போகும்.

படகின் வரைபடத்தை நிஜ அளவிலேயே காகிதத்தில் அச்சடித்து வாங்கினேன். சோபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். டிவி நாற்காலியை இரண்டடி நகர்த்தியதற்கு என் கணவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பலகையைத் தரையில் போட்டு, காகிதத்தை மேலே விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டினேன். அடிப்பலகை இரண்டு, பக்கப்பலகை இரண்டு, பின்னால் மூடுவதற்கு ஒன்று.

மரத்தூள் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அது ரசத்தில் மிதந்தது. தலையணையில் இருந்தது. சாமி படத்துச் சந்தனப் பொட்டின்மேல் ஒட்டியது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடுப்பங்கரைச் சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு பாசி மாதிரி பிடித்தது. தும்மினால் மரம் வந்தது. சீச்சீ, இதற்கு வியர்வை ரவிக்கையே மேல் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். ஆனாலும் விடவில்லை.

பிறகு கம்பி போட்டுத் தைக்க ஆரம்பித்தேன். நடுவில் அழகாக வந்தது. முனைக்குப் போகப் போக ஓரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நெளிந்தன. முன்பக்கம் சேரவே இல்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இறுக்கினேன், கம்பி அறுந்தது. பலகை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டினேன். அச்சுக் கோணல் என்று அச்சடித்தவரைத் திட்டினேன். கடைசியில் வீடியோவில் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரையும் திட்டினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் என் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பியை எல்லாம் பிரித்து, பலகையின்மேல் பழைய காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன். சுற்றிலும் அரை அங்குலப் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் பலகையிலும் அப்படியே.

உள்ளே துணி விட்டு வெட்டியிருக்கிறேன்!

தையல்காரிகளுக்கு இது சொல்லாமலே புரியும். ரவிக்கையை யாரும் சரி அளவுக்கு வெட்டமாட்டார்கள். தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டுவைப்போம். கல்யாணத்துக்கு ஒரு உடம்பு, பிள்ளை பெற்றால் ஒரு உடம்பு. நாளைக்கு வந்து, "கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுங்கக்கா" என்றால் பிரித்துவிடத் துணி வேண்டும். அதனால் காகிதத்தைத் துணிமேல் வைத்தாலே கை தானாக அரை அங்குலம் தள்ளித்தான் கோடு போடும். பலகையிலும் அப்படியே போட்டிருக்கிறது. மடிக்க முடியாத பலகையில்! மற்றவர்கள் பெருப்பதற்கு இடம் விட்டு விட்டே பழகிய கை. எனக்கென்று வெட்டும்போதுகூட அதற்குப் புத்தி வரவில்லை. அந்தக் கையை அப்படியே சுவரில் மோதலாம் போல இருந்தது.

விஷயம் புரிந்ததும் என் கணவர் சிரித்தார் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தார்.

"படகுக்கு உள்ள துணி விட்டிருக்கியா? ஏன், அது புள்ள பெத்துக் குண்டாகுமா?"

அன்று சாயங்காலத்துக்குள் அது குடும்ப குரூப்பில் போய்விட்டது. செங்காங்கில் இருக்கும் நாத்தனாரும் போன் செய்து சிரித்தார். இவருடைய அக்கா என்பதால் நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். "அண்ணி, அடுப்புல குழம்பு இருக்கு" என்று போனை வைத்தேன்.

அரை அங்குலத்தையும் சுற்றிலும் அறுத்தெடுக்க வேண்டும். நீளப் பலகை, அறுக்கும்போது மறுமுனை ஆடியது. "கொஞ்சம் பிடிங்களேன்" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அவர் எழுந்து வந்து பலகையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படகுக்கு அவர் செய்தது அது ஒன்றுதான். ஆனால் அன்றிலிருந்து அது "நம்ம போட்" ஆகிவிட்டது.

நான் மறுபடி துளை போட்டுத் தைத்தேன். இந்த முறை ஓரமும் ஓரமும் உதடு சேர்ந்த மாதிரி சேர்ந்தன. அடுத்து, இரண்டு டப்பா பசையைக் கலந்து, மாவு மாதிரி நைசான மரத்தூள் சேர்த்து, கெட்டிச் சட்னிப் பதத்தில் உள் மூலைகளில் பூச வேண்டும். அந்தப் பசையின் ஒரு டப்பா கருவாட்டு நாற்றம் அடிக்கும். ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டாலும் போகாது. கையுறைக்குள் வியர்த்து ஊறி, விரல் நுனியெல்லாம் செத்த தோலாகிவிடும். முடியில் ஒரு சொட்டு விழுந்து காய்ந்து கல்லானது, கத்தரித்துத்தான் எடுத்தேன். இதையெல்லாம் நான் முட்டி போட்டுச் செய்துகொண்டிருக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அங்க கொஞ்சம் விட்டுட்ட பாரு," "இந்தப் பக்கம் ஈவனா இல்ல," என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியில் இதற்குத்தான் சம்பளம் வாங்கினார் போலும்.

ஒருநாள், "எனக்கு முன்னாடி சீட்டு போட்டுடு," என்றார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் கேட்பதற்கு முன்பே நான் இரண்டு சீட்டுப் பலகை வெட்டி வைத்திருந்தேன். வரைபடத்தில் இருந்தது நடுவில் ஒன்றே ஒன்று. இந்தப் பாழாய்ப்போன கை அதிலும் ஒருவருக்கு இடம் விட்டிருந்தது.

படகுக்குக் கடைசிப் பூச்சு பூசிய வாரம் அண்ணி பார்க்க வந்தார். நான் டீ போட அடுப்பங்கரைக்குப் போனேன். ஹாலில் இவர் படகைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மெரின் பிளைவுட் அக்கா. கம்பி போட்டுத் தைக்கணும். முதல்ல அளவு தப்பா போச்சு, அப்புறம் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் அறுத்து சரி பண்ணோம். நீங்க வாங்க, உங்களையும் ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போறேன்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அண்ணி டீயை வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கெட்டிக்காரன்தான் என் தம்பி. நீ என்ன பண்ண?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவரே சொன்னார்: "அவ தையலுக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணா."

அவர்கள் குடித்து முடித்ததும் டம்ளர்களைக் கழுவினேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவர் மேல் மட்டுமா, அந்த டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்த என் மேலும் அருவருப்பாக இருந்தது. இத்தனை தூளையும் நாற்றத்தையும் எதற்குப் பொறுத்தேன்? யாரும் வந்து வாங்கிக்கொண்டு போகாத ஒன்று வேண்டும் என்றுதானே? இதோ, வீட்டுக்குள்ளேயே ஒருவர் பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

மறுநாள் அவர் நண்பர்களோடு காப்பிக் கடைக்குப் போயிருந்தபோது, திருகி வைத்திருந்த இரண்டு சீட்டுகளையும் கழற்றினேன். ஒன்றைக் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தேன். இன்னொன்றை நடுவில் வைத்து, திருகாமல், அதே கருவாட்டுப் பசையைப் போட்டு ஒட்டிவிட்டேன். காய்ந்தால் கோடாரி போட்டால்தான் வரும். மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்தினேன். வந்தவர் போர்வையைப் பார்த்து, "ஆமா, தூசி படாம இருக்கட்டும்," என்று எனக்குப் புத்தி சொன்னார்.

படகு கதவில் போனது. எதிர்வீட்டு மாமாவும் அவர் மருமகனும் நானும் போர்வையோடு சாய்த்துத் தூக்கி, மாடிப்படி வழியாக இறக்கி, மருமகனின் வேனில் ஏற்றினோம். என் கணவர் துடுப்புகளை எடுத்துக்கொண்டு லிஃப்டில் வந்தார். பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்தி.

பாசிர் ரிஸ் கடற்கரையில் அண்ணி முன்பே வந்து காத்திருந்தார், கையில் போனோடு. இவர் புதுத் தொப்பி வைத்து, மிதவைச் சட்டை மாட்டி, வயிற்றில் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, நான் கால் வைக்கிறதுலேர்ந்து எடுங்க," என்றார். அண்ணி வீடியோவை ஆரம்பித்தார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டு, போர்வையை உருவினேன்.

அவர் ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"என்ன இது? எனக்கு சீட்டு எங்க?"

"இந்தத் தடவை உள்ள துணி விடலங்க," என்றேன்.

அவருக்குப் புரிந்தது. தொப்பிக்குக் கீழே முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். அதற்குள் ஏறி உட்கார்ந்து, அவர் கையிலிருந்த துடுப்புகளை வாங்கிக்கொண்டேன். கூட வந்திருந்த எதிர்வீட்டு மருமகன் ஒரு தள்ளு தள்ளிவிட்டார்.

கடல் ஒன்றும் வீடியோவில் பார்த்தது போல இல்லை. கலங்கல் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் பை துடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ டீசல் நாற்றம் அடித்தது. முன்மூலையில் ஒரு இடத்தில் தண்ணீர் மெதுவாகக் கசிந்து என் காலை நனைத்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் படகு என் எடைக்கு நேராக, ஒரு பக்கமும் சாயாமல் மிதந்தது. எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது, தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது இவர் கரையில் மிதவைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணி போனை இறக்கவே இல்லை, முதலிலிருந்து கடைசிவரை எடுத்திருக்கிறார். அந்த வீடியோ மட்டும் இன்றுவரை குரூப்பில் வரவில்லை.