கப்பல் பெட்டியைப் பிடித்து நிறுத்திய சங்கிலி

இன்று பூனா பக்கத்துச் சிஞ்ச்வட்டில் உள்ள எங்கள் சங்கிலிப் பட்டறைக்குத் தூத்துக்குடிக்காரரான ஒரு கப்பல் அதிகாரி வந்தார்.

"இந்தச் சங்கிலிகளைச் சோதித்தது யார்?" என்று இந்தியில் கேட்டார்.

முதலாளி தயங்கியபடி என்னைக் காட்டினார். விரிசல் விட்ட சங்கிலிகளை நான் ஒதுக்கியதற்காகப் போன மாதம்தான் என்னைத் திட்டியிருந்தார்.

நான் தமிழ் என்றதும் அதிகாரி தமிழுக்கு மாறினார்.

"புயல்ல கப்பலே சாஞ்சிட்டும்மா. மேல்தளத்துல பூச்சிமருந்து ஏத்துன பெரிய இரும்புப் பெட்டி, கன்டெய்னர்னு புதுசா சொல்லுதாங்கள்லா, அது கடல்ல விழுந்திருந்தா அம்புட்டு மீனும் செத்திருக்கும். ஒங்க சங்கிலிதான் புடிச்சு நிறுத்திச்சு."

கடலை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

முதலாளியோ என்னைக் காட்டி, "எங்க கமலா ஆச்சே!" என்று மராத்தியில் பெருமையடித்து, எல்லாருக்கும் சாய், அதாவது டீ, வரவழைத்தார்.

திட்டு எனக்கு மட்டும், சாய் எல்லாருக்கும். உங்கள் ஆபீசிலும் இப்படித்தானா?