அகலமான செருப்பு இருக்கோ?

செருப்பு விற்கிற வேலையில் பாதி நேரம் முழங்காலில் நிற்க வேண்டும். மீதி நேரம் பொறுமையாக நிற்க வேண்டும். தொண்ணூறுகளில் ஜேர்மனியின் ஹம் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னச் சப்பாத்துக் கடையில் நான் வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த எனக்கு அங்கே கிடைத்த முதல் ஒழுங்கான வேலை அது. முதலாளி ஹில்டகார்ட் என்னிடம் ஒப்படைத்தது கடையின் பின்மூலையை. வீங்கிய கால்களுக்கான அகலமான வீட்டுச் செருப்புகள் இருந்த இடம். இதை வாசிக்கிற, கடைகளில் நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப்போகிறேன்? ஆனாலும் அங்கே வந்த சிலரை மறக்க ஏலாமல் இருக்கிறது.

பெரிய அளவு

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் கைத்தடியோடு வந்தார். நெற்றியில் பிளாஸ்டர். நிலவறைப் படியில் செருப்புத் தடுக்கி விழுந்துவிட்டாராம். அவர் கொண்டுவந்த பழைய செருப்பைப் பார்த்தேன், நாற்பத்தைந்தாம் அளவு. காலை அளந்தால் நாற்பத்திரண்டுதான். இருதய வருத்தத்தால் பாதம் வீங்கி அகலமாகியிருந்தது. அகலம் போதவில்லை என்று அவர் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். வீங்கிய காலோடு வருகிற பலரும் செய்வது இதுதான். முன்பக்கம் கால் நுழையும். பின்னால் குதி வழுக்கும்.

நாற்பத்திரண்டிலேயே, மேல்பக்கம் முழுதாகத் திறந்து ஒட்டுகிற பட்டி வைத்த அகலமான சோடி ஒன்றைப் போட்டுவிட்டேன். கடைக்குள் சுற்றி நடந்தார். தடியைக் கதிரையில் சாத்திவிட்டு இன்னொரு சுற்று நடந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "நான் கிழண்டிப் போனன் எண்டு வீட்டில எல்லாரும் முடிவுகட்டிட்டினம். பிழை செருப்பில எண்டு நீ ஒருக்கா வந்து சொல்லுவியோ?"

அம்மாவுக்கு

பேக்கரியில் விற்பனைக்கு நிற்கும் ஒரு பெண் பின்னேரங்களில் வருவாள். வீக்கம் கூடியிருக்கும் அந்த நேரத்தில்தான் இப்படியான செருப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். காலையில் சரியாக இருக்கிறது என்று வாங்கினால் மாலையில் நெரிக்கும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் செருப்பு அவளுக்கு அல்ல, அவளுடைய அம்மாவுக்கு என்றுதான் எப்போதும் சொல்வாள். கதிரையில் இருந்ததும் தன் கால்களை அதற்கு அடியில் இழுத்துக்கொள்வாள்.

"அம்மாவுக்கும் உங்கட அளவுதானே? அவவுக்காக ஒருக்கால் போட்டுப் பாருங்கோவன்" என்று நான் சொல்வேன். போட்டுப் பார்ப்பாள். அந்தக் கால்கள் கணுக்கால் தெரியாமல் உப்பியிருக்கும், காலுறையின் விளிம்பு ஆழமாகப் பதிந்திருக்கும். நான் பட்டியை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிடுவேன். ஒருநாள் பழுப்பு நிறச் சோடி ஒன்றைப் போட்டவள் கழற்றாமலே கனநேரம் இருந்தாள். பிறகு, குனிந்திருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "அம்மாவுக்கு இது நல்லாப் பிடிச்சிருக்கு. இதைப் போட்டுக்கொண்டே அவ வீட்டை போகட்டும்."

சாமிப் படமுள்ள வீடு

செல்வரத்தினம் அண்ணையை மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்தா. தொழிற்சாலையில் வேலை, நீரிழிவு முற்றிப் பாதங்களில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது. வீட்டுக் கம்பளத்தில் இரத்தப் பொட்டுகளைக் கண்டு மனைவி தேடிப் பார்த்தபோதுதான் அவருடைய பெருவிரலில் ஒரு குண்டூசி ஏறியிருந்தது தெரிந்திருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சாமிப் படம் இருக்கிற வீட்டுக்குள்ள செருப்போட திரியிறதோ, பிள்ளை?" என்று அவர் கேட்டார். கோபமில்லை, உண்மையான சங்கடம். இருப்பது ஒற்றை அறை வீடு. சாப்பிடுவதும் படுப்பதும் கும்பிடுவதும் அங்கேதான். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், இதில் அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை என்று பட்டது. கம்பளியை அழுத்திச் செய்த, உள்ளே தையல் உறுத்தாத சோடி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். போட முன்னம் ஒவ்வொருமுறையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவேணும் என்றும் சொன்னேன். அடியைத் திருப்பிப் பார்த்தார். "தோல் இல்லையோ?" என்றார். இல்லை என்றேன். கடைசியில் அண்ணை காலை நீட்டினார்: "அப்ப இதைச் செருப்பெண்டு ஒருத்தரும் சொல்லாதேங்கோ. காலுறை எண்டு சொல்லுங்கோ, போடுறன்."

சுதா வாங்காமல் போன சோடி

சுதா பிள்ளைத்தாச்சி, நிறைமாதத்துக்கு இன்னும் காலம் இருந்தது. "அக்கா, இவவுக்கு ஒரு செருப்பும் கொள்ளுதில்லை. அகலமான செருப்பு இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டு கணவன் ரவி கூட்டிவந்தான். பிள்ளைத்தாச்சிகளுக்குக் கால் வீங்குவது வழமைதானே என்று நீல நிறச் சோடி ஒன்றை எடுத்துவந்தேன். போட்டுவிடக் காலைப் பிடித்தபோது என் விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணிமைகளும் தடித்திருந்தன. மோதிரம் விரலில் இல்லை, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

"தலையிடிக்குதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, விடியத் தொடக்கம். கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரியும் கிடக்கு."

என் தங்கைக்கும் இப்படித்தான் தொடங்கியது. இரத்த அழுத்தம் ஏறி, பிள்ளை தங்கவில்லை. அதைச் சுதாவிடம் சொல்ல ஏலாது. "செருப்பைப் பிறகு பாப்பம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றேன். "அடுத்த கிழமை டொக்டரிட்டைப் போக டேர்மீன் குறிச்சுத் தந்திருக்கினமக்கா" என்றான் ரவி. நான் ஹில்டகார்டிடம் ஜேர்மன் மொழியில் ஒரு வசனத்தில் சொன்னேன். அவ உடனே தொலைபேசியை எடுத்து டாக்சிக்குச் சொன்னா. கடை வாசலில் சுதாவை ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அன்றைக்கு யாருக்கு என்ன விற்றேன் என்று இப்போதும் ஞாபகமில்லை.

கன நாள் ஒரு தகவலும் இல்லை. அந்தச் சோடியை நான் தட்டில் திருப்பி வைக்காமல் மேசைக்குக் கீழே வைத்திருந்தேன். ஒருநாள் ரவி தனியே வந்தான். அளந்துகொண்டிருந்த காலை விட்டுவிட்டு எழும்பிப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்துவிட்டார்களாம். பெண் பிள்ளை, சரியான சின்னன், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், ஆனால் பால் குடிக்கத் தொடங்கிவிட்டாள். சுதாவும் எழும்பி நடக்கிறாள். சொல்லி முடித்துவிட்டு அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, அண்டைக்குப் பாத்த நீலச் சோடியைத் தாங்கோ. கால் வீக்கம் வத்திட்டுது, இப்ப அது பெரிசாத்தான் இருக்கும், எண்டாலும் அவ அதைத்தான் கேக்கிறா."

நடக்காதவளின் செருப்பு

இலையுதிர் காலத்தில் நானும் ஹில்டகார்டும் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு முதியோர் இல்லத்துக்கும் போவோம். அங்கே ஒரு அறை வாசலில் பராமரிக்கும் பெண், "இவவுக்கு வேண்டாம். இவ நடக்கிறேல்லை" என்று எங்களைத் தாண்டிப்போகச் சொன்னாள். உள்ளேயிருந்து ஒரு குரல் எங்களை நிற்கச் சொன்னது.

எல்ஃப்றீட என்ற அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தா. சாம்பல் நிறத்தைக் காட்டினேன், வேண்டாம் என்றா. கருஞ்சிவப்பைத் தெரிவுசெய்தா. இரண்டு காலுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். தோல் மினுங்குகிற அளவுக்கு வீங்கியிருந்த பாதங்களை நோகாமல் நுழைக்க எனக்குக் கனநேரம் எடுத்தது. குதியில் இடம் இருக்கிறதா, விரல் தட்டுகிறதா என்று நடக்கிற ஒருவரைக் கேட்பதுபோலவே கேட்டேன். அவவும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னா. பிறகு கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் வாசலைப் பார்த்தபடி வைக்கச் சொன்னா. நான் வைத்ததும், கதவடியில் நின்ற பெண்ணுக்கும் கேட்கத்தக்கதாக எல்ஃப்றீட சொன்னா: "கட்டிலடியில செருப்பு இல்லையெண்டால், வாற ஆக்கள் என்னைத் தூக்கி வைக்கிற சாமான் எண்டு நினைச்சுப்போடுவினம்."

இத்தனை காலம் குனிந்து வேலை செய்ததில், தெருவில் யார் எதிரே வந்தாலும் முதலில் காலைப் பார்க்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் ஹம் நகரத் தமிழர்களில் பாதிப்பேர் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்றும் மீதிப்பேர் சரியான அடக்கமானவள் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.