வெள்ளை மண் காயும் வரை

1958, பங்குனி மாதத்து வியாழக்கிழமை. எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கு வியாழன் விடுமுறை, அதனால் கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை. பிரெவே என்ற பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அதை எழுதிய பிறகுதான் கல்யாணம் என்று அப்பாவிடம் சொல்லவேண்டும். நாலு நாளாக வாய் வரவில்லை.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் வீடு எங்களுடையது. பெண் பார்க்க வருவதோ மில்காரர் குடும்பம். "மூஞ்சியில கவிச்சி அடிக்குதுன்னு சொல்லிடப் போறாங்க" என்று, அண்ணி தான் வேலை செய்யும் பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் முகத்துக்குப் பூசும் வெள்ளை மண்ணைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் மடித்து வந்தாள். டப்பா அங்கேயே இருந்துவிட்டது.

மீன் அரிந்த கைக்கு நாங்கள் எலுமிச்சை தேய்ப்போம். அதே வழக்கத்தில் அண்ணி ஒரு முழுப் பழத்தை மண்ணில் பிழிந்து குழைத்தாள். பூசியதும் குளிர்ந்தது. பிறகு இழுத்தது, எரிந்தது.

"எரியுதா? அழுக்கு கழண்டு வருதுடி. நல்லா காயட்டும். வாயத் தொறந்தா வெடிச்சிடும்."

அப்போதுதான் அப்பா வாசற்படியில் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழம வரச்சொல்லிடவா? நீ ஏதாச்சும் சொல்லணுமா பாப்பா?"

அவர் என்னைக் கேட்டது அதுவே முதல் தடவை. அண்ணி விரலை ஆட்டி மிரட்டினாள். கன்னங்கள் பலகையாய் இறுகியிருந்தன. ஆனாலும் பேசியிருக்கலாம்.

"அவ என்னத்த சொல்லப்போறா மாமா, வரச்சொல்லுங்க."

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கழுவியபோது முகம் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்தது. சனிக்கிழமை மதாம் வீட்டுக்குப் போய் டப்பாவைப் படித்தேன். எண்ணெய் வடியும் முகத்துக்குப் பத்து நிமிடம். என்னுடையதைப் போன்ற வறண்ட தோலுக்கு ஐந்தே நிமிடம், அதுவும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஈரம் போகுமுன் கழுவவேண்டும். புளிப்பு எதுவும் சேரக்கூடாது. முதலில் காதுக்குப் பின்னால் தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். அண்ணிக்குச் சொன்னேன்.

"இம்மாம் எழுதியிருக்கா? மதாம் மூஞ்சி எண்ணெச் சட்டி, எதையும் தாங்கும்" என்றாள்.

எனக்குள் ஒரு நம்பிக்கை பிறந்தது. இந்த முகத்தைப் பார்த்தால் வேண்டாமென்று போய்விடுவார்கள். எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெய்கூடத் தடவவில்லை.

ஞாயிறு மாலை மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"என்னம்மா இது, வெந்தாப்புல இருக்கு?"

அண்ணி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்தார்.

"எங்க வூட்டுக்கு வரணும்னு இவ்ளோ எரிச்சலத் தாங்கிக்கிச்சா! வேற பொண்ணே பாக்க வேணாம், இதுவே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் குறித்தார்கள். பிரெவே ஆனியில்.