செல்லாமப் போன அடி

இல்லைங்க, எங்க மாப்பிள்ளை யாரையும் அடிச்சுட்டு வரல. முட்டியில கட்டு, தோள்ல மூங்கில் வாள், பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தோணும். அது கெண்டோ, ஜப்பான்காரங்க வாள் பயிற்சி. கம்பி வச்ச முகமூடி போட்டுக்கிட்டு எதிராளியோட தலையில, மணிக்கட்டுல, இடுப்புல அடிக்கணும். அடிக்கும்போதே எங்க அடிக்கறோம்னு கத்தணும். மொதத் தடவ பாத்தப்ப சண்டைன்னு நெனச்சு விலக்கிவிடப் போயிட்டேன்.

அவரு லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதுசுல கோவம் மூக்கு நுனியிலயே உக்காந்திருக்கும். ஸ்பேனர் வழுக்கினா ஸ்பேனருக்குத் திட்டு. சாப்பாட்டுல உப்பு கம்மின்னா கதவுக்கு அடி. கதவுக்குக் கீல் மாத்தியே எனக்கு அலுத்துப்போச்சு. "இந்த ஆளோட எப்படிப்பா காலம் தள்றது"ன்னு மக அழுதா. அப்பதான் கூட வேலை பாக்கறவரு ஒருத்தர் இவரைக் கெண்டோ கத்துக்குடுக்கற எடத்துக்கு இழுத்துட்டுப் போனாரு.

அங்க போனா வாளே குடுக்கல, ஈரத்துணி குடுத்தாங்க. குனிஞ்சு ரெண்டு கையாலயும் துணிய அழுத்திக்கிட்டு இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் ஓடித் தொடைக்கணும். பழைய ஆளு, புது ஆளு எல்லாரும்தான். அடிக்கறதுக்கு முன்னாடி எதிராளிக்கு ஒரு வணக்கம், அடி வாங்கினப்புறமும் ஒரு வணக்கம். "வீட்டுல ஒரு தம்ளர் கழுவினதில்ல இந்த மகராசன்!"னு மக சிரிச்சா. ஆனா கொஞ்சம் கொஞ்சமா கதவுச் சத்தம் நின்னுருச்சு. கைப்பிடியப் பிடிச்சு பூ மாதிரி சாத்துவாரு.

ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. வருஷா வருஷம் நடக்கற போட்டியில ஒரு தடவையாவது ஜெயிச்சுப் பாக்கணும். எப்பவும் ஆரம்பத்துலயே மண்ணக் கவ்விட்டு வந்துருவாரு. இந்த வருஷம் முட்டியப் பாத்த டாக்டர், "இனிமே போட்டிக்குப் போனா வேலைக்குப் போக முடியாது"ன்னுட்டாரு. "கடைசியா இந்த ஒரு தடவ மட்டும்"னு கெஞ்சிட்டு வந்தாரு.

எப்படித்தான் வந்தாரோ, இறுதிச் சுத்து வரைக்கும் வந்துட்டாரு! பேத்தி பொறந்து ஒரு மாசம்கூட ஆகல, அவளையும் தூக்கிட்டுப் போய் உக்காந்தோம்.

"அப்பா, கத்தாதீங்க. இங்க கத்தக்கூடாது."

"அவங்க மட்டும் கத்தறாங்க?"

"அவங்க கத்தலாம். நீங்க கூடாது."

ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு புள்ளி. அடுத்த புள்ளி யாருக்கோ அவருக்குத்தான் வெற்றி. மாப்பிள்ளை பாஞ்சாரு பாருங்க, தலையில பட்டுனு ஒரு அடி! மூணு நடுவரும் புள்ளின்னு கொடியத் தூக்கிட்டாங்க. மாப்பிள்ளை அப்படியே திரும்பி எங்களப் பாத்தாரு. புள்ள என் மடியில. வாளோட கைய ஒசரத் தூக்கினாரு.

கொடி எறங்கிருச்சு. நடுவருங்க கூடிப் பேசினாங்க. புள்ளி செல்லாதாம்! அடி நல்ல அடிதானாம், ஆனா ஜெயிச்சுட்டேன்னு கொண்டாடினா அடி வாங்கினவர மதிக்கலன்னு அர்த்தமாம். பேத்தி பொறந்த அன்னிக்கு நான் தெருப்பூரா கத்திக்கிட்டு ஓடினவன். அந்தக் கணக்குல என்கிட்ட ஒரு புள்ளியும் மிஞ்சாது.

ஆட்டம் தொடர்ந்துச்சு. எதிராளி மாப்பிள்ளையோட மணிக்கட்டுல ஒரு அடி போட்டாரு. அவ்வளவுதான், மாப்பிள்ளை தோத்துட்டாரு. முகமூடியத் தூக்கி எறியப்போறாருன்னு நெனச்சேன். குனிஞ்சு வணக்கம் வச்சுட்டு வந்தாரு.

வர்ற வழியில எனக்குத்தான் ஆறல. "புள்ள மொகத்தப் பாத்தா கை தூக்காம இருக்க முடியுமா மாப்ள?"

"முடியணும் மாமா. அதுக்குத்தான இத்தன வருஷம் போனேன்."

இப்பவும் சாயங்காலம் அங்க போறாரு. தரையத் தொடைச்சுட்டு, ஓரமா உக்காந்து மத்தவங்க ஆடறதப் பாத்துட்டு வர்றாரு. வீட்டுல குடையக் கையில எடுத்தாக்கூட கை தானா தலைக்கு மேல போகுது. "போச்சு, பல்பு!"னு மக கத்துவா. அவருக்கு அது காதுல விழறதில்ல.

இன்னைக்குக் காலையில பேத்தியத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தாரு. "இன்னுமா மாப்ள அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"அந்தப் புள்ளி எனக்கு வேணும் மாமா. இப்பவும் வேணும். ஆனா இவளப் பாத்தா மறுபடியும் கையத் தூக்கிருவேன்"னாரு.