ஒன்பதாம் ரீலும் பத்தாம் ரீலும்

நான் பார்த்த படங்களுக்கு 1996 முதல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, தியேட்டர், எந்தக் காட்சி, படம் தொடங்கிய நேரம், இடைவேளை விட்ட நேரம், முடிந்த நேரம், உடன் வந்தவர், கடைசியில் ஒரு வரி அபிப்பிராயம். சின்னமனூரில் நூலகனாக வேலை. நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்துகிறவனுக்கு இந்தப் பழக்கம் வருவதில் ஆச்சரியமில்லை. உடன் வந்தவர் என்ற பத்தியில் ஏறக்குறைய எல்லா வரியிலும் ‘மனைவி’ என்றே இருக்கும்.

அபிப்பிராயப் பத்தியைப் புரட்டினால் என் ஏமாற்றங்களின் வரலாறு கிடைக்கும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே எடுத்த படங்கள்தான் என்னை அதிகம் சோதித்தன. கம்பத்தில் பஸ் ஏறும் கதாநாயகி அடுத்த காட்சியில் இறங்குமிடத்தில் கடல் தெரியும். ஊரில் யாரும் பேசாத ஒரு தமிழை ஊர்க்காரர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் உரக்கப் பேசுவார்கள். மாமன் மச்சான் இருவர் பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்துக்கு முப்பது பேர் அரிவாளோடு திராட்சைத் தோட்டத்துக்குள் ஓடுவார்கள். தோட்டக்காரனின் மகனாகிய எனக்குக் கதையைவிடக் கொடி என்னாகுமோ என்ற கவலைதான் இருக்கும்.

2007 கடைசியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழில் தட்டச்சு செய்யப் பழகினேன். பெயர் போடாமல் ஒரு வலைப்பூ தொடங்கி, நோட்டில் ஒரு வரியாக இருந்ததை ஒரு பக்கமாக எழுத ஆரம்பித்தேன். படிக்கவும் ஆள் வந்தது. திட்டவும் வந்தது. ‘உனக்கெல்லாம் எதுக்குய்யா சினிமா, வீட்ல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரு’ என்பது அவற்றில் மரியாதையான ஒன்று. எந்தக் கதாநாயகனின் படத்தைக் குறை சொன்னாலும், இன்னொருவரிடம் நான் கூலி வாங்குவதாக எழுதுவார்கள். அடுத்த வாரம் அந்த இன்னொருவரின் படத்தையும் குறை சொல்வேன். அப்போது கூலி முதலாமவரிடமிருந்து வந்திருக்கும்.

இதெல்லாம் என்னைத் தொடவில்லை. எனக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. நான் எழுதும் தகவல் தப்பாக இருக்காது. அபிப்பிராயத்தோடு சண்டை போடலாம், தகவலோடு போட முடியாது என்று மனைவியிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

2008 ஆடியில், ஒரு சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். அண்ணன் தங்கை கதை. இடைவேளைவரை அண்ணன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறான். இடைவேளை முடிந்து விளக்கணைந்ததும் தங்கையின் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறது. அண்ணன் தாடியோடு யாரையோ தேடி அலைகிறான். எப்படிச் செத்தாள், எப்போது செத்தாள், கல்யாணம் நடந்ததா என்று ஒரு சொல் இல்லை.

மறுநாள் எழுதினேன், கடுமையாகவே. ஒரு உயிரைக் கொல்வதற்குக்கூட இந்த இயக்குநருக்குப் பொறுமை இல்லை என்று முடித்திருந்தேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

திங்களன்று பார்த்தால் வசவு குவிந்திருந்தது. வழக்கமானவைதான். நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. பெயரில்லாத ஒருவர். ‘நீங்கள் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு கல்யாணம் வருகிறது. மணமேடையில் தங்கை இடது கையால் அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறாள். பிறகு ரயில்வே கேட், மழை, மரணம். மொத்தம் இருபது நிமிடம். படத்திலேயே நல்ல பகுதி அது. படத்தின் நீளம் இரண்டரை மணி நேரம். தூங்கினீர்களா, அல்லது யாரிடமாவது கதை கேட்டு எழுதினீர்களா? எதுவானாலும் இனி உங்கள் தகவல் எதையும் நான் நம்பப்போவதில்லை.’

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அந்த மனிதர் இடது கை என்று எழுதியிருந்தார். இடது கையா வலது கையா என்று கவனிப்பவன் பொய் சொல்ல மாட்டான்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். தொடக்கம் 2.40. இடைவேளை 4.00. மறுபடி தொடங்கியது 4.25. முடிவு 5.15. இடைவேளையைக் கழித்தால் நூற்று முப்பது நிமிடம். அவர் சொன்ன இரண்டரை மணி நேரத்துக்கு இருபது நிமிடம் குறைவு. இருபத்தைந்து நிமிட இடைவேளைக்குப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே ‘முறுக்கு புதியது’ என்று ஒரு குறிப்பு. எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். கூட்டித்தான் பார்க்கவில்லை.

“நான் தூங்குனேனா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“நீங்களா? முறுக்குச் சத்தத்துல பக்கத்து ஆளு தூங்க முடியாம இருந்தாக” என்றாள். “ஏங்க, அந்தப் படம் நல்லாத்தான இருந்துச்சு? நேத்துவரைக்கும் சிரிச்ச புள்ள, லைட்ட அணைச்சுப் போட்டா போட்டோவுல இருக்கு. எனக்கு நெஞ்ச அடச்சிருச்சு. நெசத்துல சாவு அப்படித்தான வருது. அதைப் போயி இந்தத் திட்டுத் திட்டிருக்கீக.”

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் தியேட்டருக்குப் போனேன். ஆபரேட்டர் பின்பக்கப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வருபவர் என்பதால் என்னைத் தெரியும். சனிக்கிழமை இருபது நிமிடம் குறைந்தது ஏன் என்று நேராகவே கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். “யாரு சார் சொன்னா?”

“யாரும் சொல்லலை. நேரம் எழுதி வச்சிருந்தேன்.”

“இதையெல்லாமா எழுதி வப்பாக?” என்று என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மறைக்கவில்லை.

போடியில் ஒரு தியேட்டர், இங்கே ஒரு தியேட்டர், இரண்டுக்கும் சேர்த்துப் படத்துக்கு ஒரே பிரதி. போடியில் முன்னதாகத் தொடங்குவார்கள். ஓடி முடிந்த ரீல்களைச் சாக்குப் பையில் கட்டி மொபெட்டில் ஏற்றி, குச்சனூர், மார்க்கையன்கோட்டை வழியாக இங்கே கொண்டுவருவார்கள். இதற்கென்றே இரண்டு பேர், மாற்றி மாற்றி. ரீல் இங்கே வந்து சேரும்போது அதற்கு முந்தைய ரீல் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் இப்படி நடந்திருக்கிறது, உள்ளே உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும் தெரியாமல். அதைக் கேட்டபோது, குறை கேட்க வந்தவன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

“அன்னிக்கு ஆடிச் சனியில்ல சார்? எங்களுக்கு அது புத்தியில படல. குச்சனூர்ல சனிபகவான் கோயில் கூட்டம். மொத ஆளு ஒம்பதாம் ரீலும் பத்தாம் ரீலும் வச்சிருந்தாரு. வண்டி நகரல. எள்ளு விளக்குக்காரிக ரோட்டுல உக்காந்திருக்காக, போலீஸ்காரு வண்டிய ஓரமாப் போடுங்கிறாரு. ரெண்டாவது ஆளு கடைசி அஞ்சு ரீலோட பின்னாடி வந்தவரு, கூட்டத்தப் பாத்துட்டு வாய்க்காக் கரையில எறங்கி, வயலுக்குள்ள பூந்து வந்துட்டாரு. எனக்குப் பதினொண்ணு கையில இருக்கு, ஒம்பதக் காணம். இடைவேளைய இழுக்க முடிஞ்ச மட்டும் இழுத்தேன். உள்ள ஒரே விசிலு. போட்டுட்டேன்.”

“அப்புறம் அந்த ரெண்டு ரீல்?”

“வந்துச்சு. பன்னெண்டு ஓடும்போது. செத்துப்போன புள்ளையத் திரும்பக் கூட்டியாந்து தாலி கட்டச் சொல்ல முடியுமா சார்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“அவரு வண்டிய அங்கனயே போட்டுட்டு, ரெண்டு ரீல் டப்பாவையும் தோள்ல வச்சுக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள நடந்தே மார்க்கையன்கோட்டை வந்திருக்காரு. அங்கிருந்து ஒரு டிராக்டர்ல ஏறி இங்க வந்து, ‘எத்தனாவது ஓடுது’ன்னாரு. பன்னெண்டுன்னேன். இந்தப் படியிலதான் உக்காந்தாரு. படம் விடுறவரைக்கும் எந்திரிக்கல.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். ஒரு பிரதிக்கு ஒரு தியேட்டர் என்றுதான் மதுரை விநியோகஸ்தரிடம் பேச்சு. இது வெளியே தெரிந்தால் இவர்களுக்கு இனிப் புதுப்படப் பெட்டி வராது. பழியை யார் மேலாவது போட்டாக வேண்டும். அது நடந்து வந்தவர் மேல்தான் விழும். “அவரை நிப்பாட்டிருவாக சார். நீங்க கம்ப்யூட்டர்ல எழுதுறவருன்னு சொல்லுறாக. எழுதிறாதீக.”

அன்று மாலைக் காட்சிக்கு என்னை உள்ளே போகச் சொன்னார். மனைவிக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். பதினைந்து ரீலும் பார்த்தோம். மணமேடை வந்தது. தங்கை அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். இடது கைதான். அந்தக் கை விடுபடும் இடத்தில் நேரம் குறிக்க மறந்துவிட்டேன். ரயில்வே கேட் காட்சியில் மழைச் சத்தம் மட்டும்தான், பாட்டு இல்லை, வசனம் இல்லை. இந்த இருபது நிமிடத்தை எடுத்த இயக்குநரைத்தான் பொறுமை இல்லாதவர் என்று எழுதியிருந்தேன்.

“அன்னிக்குப் பாத்ததுதான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள் மனைவி, வெளியே வரும்போது. “இதுல ரொம்ப அழ வைக்கிறாக.”

புதன்கிழமை பிரவுசிங் சென்டரில் வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினால் என் தகவல் சுத்தமாகிவிடும். நான் தூங்கவில்லை, கதை கேட்டு எழுதவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன் என்று நோட்டிலிருந்து நிமிடக் கணக்கோடு நிரூபிக்கலாம். இரண்டு டப்பாவைத் தோளில் சுமந்து நடந்தவருக்கு வேலை போகும். அவர் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. என்னைத் திட்டியவர்களின் முகத்தையும்தான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் முகமில்லாதவர்கள். ஆனால் ஒருவர் தோளில் மட்டும் பாரம் இருந்தது.

இப்படி எழுதினேன்: ‘இந்தப் படத்தின் ஒன்பதாம், பத்தாம் ரீல்களைச் சனிக்கிழமை நான் பார்க்கவில்லை. முழுதும் பார்த்ததாக நினைத்து எழுதியது என் தவறு. இப்போது பார்த்துவிட்டேன். அந்த இருபது நிமிடம் மிக நல்ல சினிமா. இயக்குநரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இங்கே அதைச் சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.’

சாயங்காலத்துக்குள் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. ‘தூங்குமூஞ்சி விமர்சகர்’ என்று ஒரு பட்டம். அடுத்த படத்துக்குத் தலையணையோடு போகச் சொன்னார்கள். ஒருவர் பாய் படம்கூட ஒட்டியிருந்தார். படித்துக்கொண்டே வந்தவன், கடைசியில் அந்தப் பெயரில்லாத மனிதரின் வரியில் நின்றேன்.

‘ஒரு சந்தேகம். தூங்கியவருக்கு ரீல் எண் எப்படித் தெரியும்?’

தகவல் சரியாக இருக்க வேண்டும் என்ற பழக்க தோஷத்தில் ஒன்பது, பத்து என்று எண்ணைப் போட்டுவிட்டேன். ‘கொஞ்ச நேரம்’ என்று எழுதியிருந்தால் போதும். காப்பாற்ற உட்கார்ந்தவன் காட்டிக்கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறேன். அழித்தால் சந்தேகம் வலுக்கும். பதில் சொன்னால் பொய் சொல்ல வேண்டும். எதுவும் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் மனைவி மூன்று முறை குழம்பு வேண்டுமா என்று கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றேன். அவரே மறுபடி எழுதியிருந்தார்.

‘பதில் சொல்ல வேண்டாம். யோசித்தேன், புரிந்தது. எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவிலும் ஒரு ஆறு உண்டு. மழைக்காலத்தில் சில படங்களில் சிலர் சீக்கிரம் செத்துவிடுவார்கள். உங்கள் தகவலை நம்பமாட்டேன் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இதைப் பற்றி இனி நான் பேசமாட்டேன்.’

பேசவும் இல்லை. 2010 வரை அந்த வலைப்பூ இருந்தது. அவர் எப்போதாவது வருவார், ஒரு பிழை சொல்வார், அது பிழையாகவே இருக்கும். பாய், தலையணைக்காரர்கள் கடைசிவரை விடவில்லை. ஒரு இடத்தில்கூட அவர் அவர்களைத் திருத்தவில்லை. திருத்தினால் என்ன வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் எனக்குத் தெரியாது. என் நோட்டைவிட நுட்பமான ஒரு மனது என்பது மட்டும் தெரியும். இப்போது பிரதியும் இல்லை, பெட்டியும் இல்லை. யாருக்கும் பாதகமில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த ஆடியின் அடுத்த சனிக்கிழமை. வேறு படம். இடைவேளையில் வாசலுக்கு வந்தோம். முழங்கால்வரை சேற்றோடு ஒருவர் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு, சாக்குப் பையை இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். படியில் நின்ற ஆபரேட்டர் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார். அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், இந்தத் தடவை வாய்க்காக் கரைதான். ஒண்ணுவிடாம வந்திருச்சு” என்றார். “படம் வெளங்காது. நீங்க தைரியமாத் திட்டுங்க.”